குறைந்ததும் குறைத்ததும்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்தெழுதும் பயிற்சியில் மாணவரை மிகுதியும் இடர்ப்படுத்துவன எளிய சொற்களே. அரிய சொல்லுக்கு அகராதி ஒரு பொருளைத் தந்து நம்மை அனுப்பி வைத்துவிடும். எளிய சொல்லோ பல பொருள்களைச் சுமந்துகொண்டு, 'இவற்றுள் எது வேண்டும்?' என்று நம்மையே கேட்கும். 'ரிடியூஸ்' என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. அகராதியைத் திறந்தால் 'குறை' என்று இருக்கும். 'குறை' என்றே எல்லா இடத்திலும் எழுதும் மாணவன் சில இடங்களில் நகைப்புக்கு ஆளாவான். சில இடங்களில், தான் அறியாமலே, ஒரு பெரிய உண்மையை மறைத்தும் விடுவான். முன்னது மொழிப் பிழை. பின்னதை என்னவென்று சொல்வது? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் வழித்தடம்

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழி. அம்மொழியில் 'ரெ' என்பது 'மீண்டும்' என்றும் 'பின்னோக்கி' என்றும் பொருள்படும் முன்னொட்டு. 'தூகெரே' என்பது 'நடத்திச் செல்லுதல்'. எனவே இச்சொல்லின் முதற்பொருள் 'திரும்ப அழைத்துச் செல்லுதல்' என்பதேயாகும். குறைத்தல் என்னும் பொருளுக்கு அதில் இடமே இல்லை. ஆங்கிலத்தில் குடிபுகுந்த பின்னரும் நெடுங்காலம் அப்பழம்பொருளிலேயே அது வழங்கிற்று. சேக்சுபியரின் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்தின் இறுதி உரையில் வரும் இச்சொல்லுக்கு 'திரும்பக் கொணர்தல்' என்று பொருள் கொண்டால்தான் கருத்து விளங்கும். இன்றைய பொருளைக் கொண்டு படிப்பவர், குருதி சிந்திய நாள்களை யாரோ குறைக்க முயல்வதாக எண்ணி மயங்குவர்.

திரும்ப அழைத்துச் செல்லுதல் என்பது நாளடைவில் ஓர் ஒழுங்கிற்குள் கொணர்தல் என்றாயிற்று. பின்னர் அடக்குதல் என்றாயிற்று. கோட்டையை முற்றுகையிட்டுப் பணிய வைப்பதனைப் படைத்துறை ஆங்கிலம் இச்சொல்லாற் குறித்தது. பதவியில் இருந்தவனைக் கீழ்ப்பதவிக்கு இறக்குதலும் இதனுள் அடங்கிற்று. அளவிலும் விலையிலும் எண்ணிக்கையிலும் குறைத்தல் என்று இன்று நாம் முதலில் நினைக்கும் பொருள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியளவில்தான் வேரூன்றியது. அழைத்து வருதல், அடக்குதல், இறக்குதல், குறைத்தல் என இந்நான்கு படிகளையும் நிரல்படுத்திப் பார்த்தால், ஒரு சொல் எவ்வளவு தொலைவு இறங்கி வந்துள்ளது என்பது புலனாகும்.

குறையாத குறைப்புகள்

பழம்பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. துறைச்சொற்களில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. மூட்டிலிருந்து நழுவிய எலும்பை மருத்துவர் மீண்டும் உரிய இடத்தில் பொருத்துவதற்கும் ஆங்கில மருத்துவ நூல்கள் இதே சொல்லைத்தான் ஆளுகின்றன. அங்கே எதுவும் குறைவதில்லை. பிசகியது தன் இடத்திற்குத் திரும்புகிறது. கணக்கு வகுப்பில் பன்னிரண்டின் கீழ்ப் பதினாறை மூன்றின் கீழ் நான்காகச் சுருக்குகிறோம். எண்கள் சிறுத்தன, மதிப்பு இம்மியும் குறையவில்லை. மருந்து காய்ச்சுவோர் எட்டுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சு என்பர். நீர் போயிற்று; சாரம் நின்றது.

பினாங்கு மக்களுக்கு நன்கு விளங்கும் எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. டத்தோ கிராமட் சாலையிலும் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்திலும் ஒரு காலத்தில் ஈய உருக்காலைகள் பெரும்புகழுடன் இயங்கின. கிந்தாப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கனிமண்ணில் வெள்ளீயம் உயிர்வளியோடு பிணைந்து கிடந்தது. அதனைக் கரியுடன் சேர்த்து உலையிலிட்டால், கரி உயிர்வளியைக் கவர்ந்துகொள்ள, வெள்ளீயம் தனித்து ஒழுகும். இதற்கும் வேதியியலார் வைத்த பெயர் 'ரிடக்‌ஷன்'. மண்ணாய்க் கிடந்த பொருள் மாழை நிலைக்குத் திரும்பிற்று என்பது பழைய கருத்து. தமிழக அறிவியல் நூல்கள் இதனை 'ஒடுக்கம்' என்றும், இலங்கை நூல்கள் 'தாழ்த்தல்' என்றும் வழங்குகின்றன.

ஆக, ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருத்துதல், சுருக்குதல், சுண்டுதல், ஒடுக்குதல், குறைத்தல் என இடத்திற்கேற்பச் சொற்கள் வேண்டியிருக்கின்றன. இவற்றிலிருந்து ஓர் அளவுகோல் நமக்குக் கிட்டுகிறது. ஒன்றைக் குறைக்கும்போது அதன் மதிப்பும் சாரமும் நிற்குமானால் அக்குறைப்பு நல்லது. மதிப்பே போய்விடுமானால், போனது யாருடையது என்று கேட்க வேண்டும்.

தமிழ் இலக்கணம் காட்டும் நெறி

நம் மொழியில் 'குறை' என்பதன் பொருள்வளம் வேறு வகையானது. அளவிற் சிறுத்தல் அதன் பொருள். குற்றமும் அதன் பொருள். எஞ்சி நிற்பதும் குறையே, 'குறைவேலை' என்கிறோம். முறையீடும் குறையே, ஊர்த்தலைவர் மக்களிடம் குறை கேட்கிறார். வேண்டுகோளும் குறையே; அகப்பொருள் நூல்களில் தலைவன் தோழியிடம் இரந்து நிற்பது 'குறையிரத்தல்' எனப்படும். ஒருவனுக்கு உரியதைக் குறைத்தால் அவன் நெஞ்சில் ஒரு குறை பிறக்கும். அக்குறையைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டியது சான்றோர் கடமை. இத்தனையையும் தமிழ் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலையும், கொடுப்பதிற் குறை வைக்காமையை அவர்களுடைய சிறப்பாகக் கொண்டது. துறைமுக நகரத்தார்க்கு அன்று வகுக்கப்பட்ட அறம் அது.

இலக்கணத்திலும் குறைதலுக்கு முறை உண்டு. புணர்ச்சியில் நிகழும் மாற்றங்களைத் தொல்காப்பியர் மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என வகுத்தார். 'மரம்', 'வேர்' என்பன சேர்ந்து 'மரவேர்' ஆகும்போது மகர ஒற்று இல்லாமற் போகிறது. இதனைப் பின்னர் நன்னூலார் 'கெடுதல்' என்றார். ஆனால், 'நாடு' என்னும் சொல்லின் இறுதியில் நிற்கும் உகரம் கெடவில்லை; ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகி நிற்கிறது. அதற்குக் குற்றியலுகரம் என்று பெயரிட்டு, சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாகத் தொல்காப்பியர் இடமும் தந்தார். மகரம் அரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறுகினால் அதற்கு மகரக்குறுக்கம் என்று பெயர்.

இங்கே ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்ட வேண்டிய செய்திகள் இரண்டு. ஒன்று: கால் மாத்திரையாகத் தேய்ந்த ஒலியும் பெயரிழந்து போகவில்லை. மற்றொன்று: எந்த எழுத்தும் காரணமின்றிக் குறைவதில்லை. இன்ன எழுத்தின்முன், இன்ன இடத்தில், இன்னதனாற் குறைந்தது என்று நூற்பா பொறுப்புடன் சொல்கிறது. எழுத்தின் குறைவுக்கே காரணம் கேட்ட மொழி, மாந்தரின் குறைவுக்குக் காரணம் கேளாதிருக்கலாமா?

1930-ஆம் ஆண்டின் பாடம்

மாந்தரே குறைக்கப்பட்ட காலம் ஒன்று இம்மண்ணில் இருந்தது. அக்காலத்தின் வாயிலாக நின்றது பினாங்குத் துறைமுகம்.

1925-ஆம் ஆண்டில் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் நான்கு ஷில்லிங்குக்கு மேலும் விலைபோயிற்று. உலகப் பொருளாதார மந்தம் தாக்கியபின், 1932-இல் அது இரண்டு பென்சுக்கும் கீழே வீழ்ந்தது. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்று கணக்கிட்டால் வீழ்ச்சியின் ஆழம் தெரியும். முதன்மையான தோட்ட வட்டாரங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்தது, 1930-இல் 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கிற்று. அதன்பின் இன்னும் இறங்கிற்று. இந்தியாவிலிருந்து உதவிப் பயணத்தில் ஆள் சேர்ப்பதும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. பெரட்டுக்கு வந்து நின்றோரிற் பலர்க்கு வேலை இல்லை என்றாயிற்று.

வேலை இழந்தோரைக் கப்பலேற்றி அனுப்பும் பணி தொடங்கியது. அதற்கான செலவை இந்தியர் குடிநுழைவு நிதி ஏற்றது. 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி என்ற பெயரில், ஆட்களைக் கொண்டுவருவதற்காகவே முதலாளிமாரிடம் தண்டி அமைக்கப்பட்ட நிதி அது. கொண்டுவந்த நிதியே திருப்பியனுப்பவும் பயன்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் இவ்வாறு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மலாயாவில் வாழ்ந்த இந்தியரோ ஆறு இலட்சத்துக்குச் சற்று மிகுதியானவர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குக.

'ரிடக்‌ஷன்' என்னும் சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் இந்த ஒரு நிகழ்ச்சியில் ஒன்றாய்ச் சேர்ந்தன. ஆள் குறைப்பு நடந்தது. அக்குறைப்பு திரும்ப அழைத்துச் செல்லுதலாகவும் நடந்தது. நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பல்கள் ஏகின. விரும்பிச் சென்றோரும் அவர்களுள் இருந்தனர். பசித்துக் கிடப்பதினும் சொந்த ஊர் நன்று என்று எண்ணியோர் அவர்கள். ஆயினும், அன்று மலாயாவில் இருந்த இந்தியருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இம்மண்ணிலேயே பிறந்தவர். தாய் தந்தையரின் கைப்பிடித்துக் கப்பலேறிய பிள்ளைகளுக்குத் 'திரும்புதல்' என்னும் சொல் எவ்வாறு பொருந்தும்? காணாத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்? நழுவிய எலும்பு மூட்டுக்குத் திரும்புகிறது. அதற்கு அங்கே இடம் இருக்கிறது. அப்பிள்ளைகளுக்காகத் தஞ்சையிலும் திருச்சியிலும் எந்த இடம் காத்திருந்தது?

ஒரு மறுப்பும் விடையும்

இங்கே ஒருவர் மறுக்கக் கூடும். 'உலகச் சந்தை வீழ்ந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? தோட்டங்களும் நட்டமடைந்தன. பிறை தேய்வதுபோல் தானாக நிகழ்ந்த குறைவுக்குக் குற்றவாளியைத் தேடுவது நேர்மையா?' என்பது அம்மறுப்பு. இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. தேய்பிறைக்குக் குற்றவாளி இல்லை. கோடையில் ஆறு வற்றுவதற்கும் இல்லை. எல்லாக் குறைவுக்கும் ஒரு கொடியவனைக் கற்பித்துக்கொள்வது அறிவுடைமையன்று.

ஆனால் இலக்கணம் நமக்கு ஒரு கருவியைத் தந்திருக்கிறது. 'குறைந்தது' என்பது தன்வினை. 'குறைத்தது' என்பது பிறவினை. திருந்தினான், திருத்தினான் என்பன போல, ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறுகிறது, அவ்வளவே. அந்த ஓரெழுத்தில் ஓர் அறமே அடங்கியிருக்கிறது. ரப்பரின் விலை குறைந்தது. இது தன்வினை, ஒரு தனி மனிதர் அதனைக் குறைக்கவில்லை. கூலியைக் குறைத்தனர். இது பிறவினை. விலை வீழ்ச்சிக்கும் கூலி வீழ்ச்சிக்கும் இடையே ஒரு மேசை இருக்கிறது. அம்மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்திருக்கின்றனர். நட்டத்தில் எவ்வளவு பங்காதாயத்திலிருந்து போக வேண்டும், எவ்வளவு மேலாளர் ஊதியத்திலிருந்து போக வேண்டும், எவ்வளவு பால் வெட்டுபவளின் நாட்கூலியிலிருந்து போக வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்கின்றனர். அம்முடிவு சரியானதாகவும் இருக்கலாம், தவறானதாகவும் இருக்கலாம். ஆனால் அது முடிவு; மழையன்று, வெயிலன்று. முடிவு எடுத்தவர் உண்டென்றால் விடை சொல்லக் கடமைப்பட்டவரும் உண்டு. விலை குறைந்ததையும் கூலியைக் குறைத்ததையும் ஒரே தன்வினையால் எழுதுகிறவன், அந்த மேசையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறான்.

மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு. 'குறைக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுவினை அது. செய்தவர் உண்டென்று ஒப்புக்கொள்ளும். பெயரை மட்டும் சொல்லாது. அலுவலக அறிவிப்புகளில் இவ்வடிவம் மலிந்து கிடக்கிறது. செயப்பாட்டுவினையே தீதென்பது நம் கருத்தன்று. செய்தவர் எவரென அறியாத இடத்தில் அது வேண்டும். அறிந்தும் ஒளிக்க வேண்டிய இடத்தில் அதனை ஆளுவதே பிழை. கடைத்தெருவில் தீபாவளி மலிவு விற்பனையின்போது 'விலையைக் குறைத்துள்ளோம்' என்று கடைக்காரர் தம்மை எழுவாயாக்கி எழுதுகிறார். ஆட்குறைப்பு அறிவிப்பில் எழுவாய் காணாமற் போகிறது. நன்மை செய்யும்போது வெளிப்பட்டு நிற்கும் எழுவாய், தீங்கு நேரும்போது ஒளிந்துகொள்வது ஏன்?

இன்றைய குறைவுகள்

குறைப்புக்கு முறை வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றிருக்கிறது. 1975-ஆம் ஆண்டின் தொழிலுறவு இணக்க நடத்தை நெறி, ஆட்குறைப்புக்கு முன் புதிதாக ஆள் எடுப்பதையும் மிகைநேர வேலையையும் மட்டுப்படுத்துதல் போன்ற வழிகளை முதலாளிமார் நாட வேண்டும் என்று வழிகாட்டியது. 1980-ஆம் ஆண்டின் விதிகள், வேலை இழப்போருக்கு ஆண்டொன்றுக்கு இத்தனை நாள் ஊதியம் என்று இழப்பீட்டை வரையறுத்தன. ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவர்க்கு அது ஆண்டுக்கு இருபது நாள். 1969-இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்னும் நிலையை இழந்து, 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரத்தைத் திறந்துகொண்ட இத்தீவு, 1985-ஆம் ஆண்டின் தளர்ச்சியிலும் 1998-ஆம் ஆண்டின் நெருக்கடியிலும் ஆட்குறைப்பின் சுமையை உணர்ந்தது. இழப்பீடு போதுமா என்பது வேறு வினா. குறைத்தவர் ஒருவர் உண்டு, அவர் ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை ஏட்டில் ஏறியிருப்பதே ஒரு முன்னேற்றம்.

குறைவை எதிர்த்து நம்மவர் செய்ததும் நினைவுகூரத் தக்கது. ஐம்பதுகளில் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. துண்டு விழுந்த தோட்டத்தில் வேலையும் துண்டுபட்டது, வீடும் போயிற்று. 'தோட்டத் துண்டாடல்' என்னும் அச்சொல்லில் பிறவினையின் கூர்மை இருந்தது. வெட்டியவன் ஒருவன் உண்டென்பதை அது மறைக்கவில்லை. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில், 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சொல்லைச் சரியாகச் சொன்னவர்களுக்குச் செய்ய வேண்டியதும் விளங்கிற்று என்று இதனைக் கொள்ளலாம்.

இனி நம் வீட்டுக்கே வருவோம். 1957-இல் மலாயாவில் இருந்த தமிழ்ப்பள்ளிகள் 888. இன்று அவ்வெண் 530-ஐ ஒட்டி நிற்கிறது. பினாங்கு மாநிலத்தில் 28. நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. நம் பள்ளிகள் பல இவ்வகையின. 'தமிழ்ப்பள்ளிகள் குறைந்துவிட்டன, மாணவர் குறைகின்றனர்' என்று நாம் மேடைதோறும் தன்வினையிலேயே பேசுகிறோம். அதில் ஒரு பகுதி உண்மை. தோட்டங்கள் மறைந்தன, சிறு பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர், குடும்பங்கள் சிறுத்தன. எஞ்சிய பகுதி பிறவினை. பெயர்ந்த மக்களைப் பின்தொடர்ந்து பள்ளிகளைப் பெயர்க்கக் காலந்தாழ்த்தியவர் உளர். தமிழ்ப்பள்ளிக்காக மேடையில் முழங்கிவிட்டுத் தம் பிள்ளையை வேறு பள்ளியிற் சேர்த்தவரும் உளர். முன்னவரை மட்டும் எழுவாயாக்கி, பின்னவரை விட்டுவிடுவது நேர்மையாகாது. பிறர்மேற் பிறவினையைத் தொடுப்பவன் தன்மேலும் அதனைத் தொடுக்க அஞ்சலாகாது.

குறைந்த மாணவர் பள்ளி என்பதிலும் இரு பொருள் உண்டு. எண்ணிக்கை குறைந்த பள்ளி என்பது ஒன்று. தரம் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளி என்று கேட்பவர் காதில் விழுவது மற்றொன்று. முன்னது உண்மை, பின்னது பழி. அரை மாத்திரையாய்க் குறுகிய உகரமும் எழுத்தே. முப்பது மாணவர் பயிலும் பள்ளியும் பள்ளியே. அங்கே பயிலும் பிள்ளைக்கு முழு ஆசிரியர் வேண்டும், முழு நூலகம் வேண்டும், முழுப் பாடம் வேண்டும். எண் சுருங்கலாம், மதிப்புச் சுருங்கலாகாது. பின்னத்தைச் சுருக்கக் கற்பிக்கும் நாம் அறிந்த கணக்குத்தான் இது.

தன்வினை பிறவினைப் பாடத்தைத் தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்தாமல், நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்திப் பார்ப்பது நன்று. 'குறைந்தது' என்றிருக்கும் இடத்தில் 'குறைத்தது' என்று மாற்றினால் எழுவாய் எது என்று மாணவரைக் கேட்கலாம். சில வாக்கியங்களுக்கு விடை கிடையாது. அவை மெய்யாகவே தன்வினை. சிலவற்றுக்கு விடை உடனே வரும். வேறு சிலவற்றுக்கு வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியிலேயே மாணவன் சிந்திக்கத் தொடங்குகிறான். அவ்வேளையில் ஆசிரியர் விடையைத் தாமே சொல்லிவிடாதிருப்பது நலம்.